வேலையில் சேரும் முன் வாதி ரம் பாலைவனத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு

கடைசித் தேர்வு முடிந்துவிட்டது. வேலைக்கான கடிதம் கைக்கு வந்துவிட்டது. சேரும் நாளுக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. இப்படி ஓர் இடைவெளி எனக்குக் கிடைத்தபோது இரண்டு நண்பர்களோடு ஜோர்டான் போனேன். மொத்தம் பதினொரு நாள். அதில் நான்கு நாள் வாதி ரம் பாலைவனத்தில் நடை.

நடை நன்றாகவே போனது. என்னைப் படுத்தியது காகித வேலைதான். பாலைவனத்தில் முதல் நாள் நான் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: மூன்று வேலை நாட்களுக்குள் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும், அலைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டு உறுதி செய்ய வேண்டும். அங்கே சிக்னல் இல்லை. ஊர் எண்ணில் ரோமிங்கும் போடாமல் வந்திருந்தேன். நடை முடிந்து அகபா என்ற கடற்கரை நகரத்துக்கு வந்து பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. சேரும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது, முதல் சம்பளமும் தள்ளிப்போனது. கெஞ்சி எழுதிய மின்னஞ்சல்கள் எத்தனை என்று எண்ணவில்லை.

உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. அதனால்தான் இந்த வழிகாட்டியைப் பாலைவனத்திலிருந்து தொடங்காமல் அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. அலுவலகத் தேதிகளை உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள்

விமான டிக்கெட் எடுக்கும் முன் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு விஷயம் கேளுங்கள். சேரும் தேதி உறுதியானதா, முன்னே வர வாய்ப்பு உண்டா? பின்னணிச் சரிபார்ப்பு எந்த வாரம் தொடங்கும்? மருத்துவப் பரிசோதனை உண்டா, எப்போது? நான் கையெழுத்திட வேண்டிய ஆவணங்கள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் அவகாசம்?

அதே மின்னஞ்சலில், "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை நான் தொடர்பில் இருக்க மாட்டேன்" என்று தெளிவாக எழுதுங்கள். அதைச் சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கித்தான் நான் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் கெடுவை ஒரு வாரம் தள்ளி வைத்திருப்போம் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். போனில் பேசினாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திரும்பி வரும் நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே குறைந்தது பத்து நாள் காலியாக இருக்கட்டும். விமானம் தாமதமாகலாம், வயிறு கெடலாம், புது ஊரில் வீடு தேட வேண்டியிருக்கலாம். எனக்குக் குதிகாலில் வந்த கொப்புளம் ஆற ஒன்பது நாள் ஆனது. மூடிய காலணி போட்டு அலுவலகம் போக வேண்டிய வாரத்தில் அது இருந்திருந்தால் ரொம்பவே சிரமப்பட்டிருப்பேன்.

மருத்துவப் பரிசோதனை இருந்தால் போகும் முன்பே முடித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எதுவும் பாக்கி இருந்தால் அதற்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். சில இடங்களில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள்.

அசல் சான்றிதழ் ஒன்றைக்கூடப் பயணத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, அலைபேசியிலும் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அசல் எந்த அலமாரியில், எந்த உறையில் இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் ரோமிங். வங்கி, அடையாளச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். இணையம் வேண்டாம், குறுஞ்செய்தி வந்தால் போதும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ரோமிங்கை இயக்கிப் பாருங்கள், போன பிறகு இயக்குவதற்கே ஓடிபி கேட்பார்கள்.

2. கடவுச்சீட்டு, விசா, ஜோர்டான் பாஸ்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டும் என்றால் மற்ற எதையும் வாங்கும் முன் அதை முடியுங்கள். புது கடவுச்சீட்டில் எண் மாறிவிடும், பழைய எண்ணைக் கொடுத்து வாங்கிய எல்லாமே சிக்கலாகும்.

பல நாட்டவருக்கு விமான நிலையத்தில் இறங்கியதும் விசா கிடைக்கும். ஒருமுறை நுழையும் விசாவுக்குக் கட்டணம் 40 தினார். சில நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு முன்அனுமதி தேவை. உங்களுடையது எந்த வகை என்பதை ஜோர்டான் தூதரகத்திலோ உள்துறை அமைச்சகத் தளத்திலோ பாருங்கள், பயண முகவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தரைவழியாக வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: மேற்குக் கரையிலிருந்து கிங் ஹுசைன் பாலம் வழியாக நுழைந்தால் அந்த இடத்தில் விசா தர மாட்டார்கள், முன்பே கையில் இருக்க வேண்டும்.

இப்போது ஜோர்டான் பாஸ், அதாவது விசாக் கட்டணத்தையும் சுற்றுலா இடங்களின் நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்து முன்பே வாங்கும் சீட்டு. பணத்தை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று வகை உண்டு. பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவில் ஒரு நாள் என்றால் 70 தினார், இரண்டு நாள் என்றால் 75, மூன்று நாள் என்றால் 80. தனித்தனியாக வாங்கினால் விசா 40, பெட்ரா ஒரு நாள் 50, வாதி ரம் நுழைவு 5, ஆக 95 தினார். பாஸில் இந்த மூன்றும் 70-க்குள் அடங்கிவிடும். வேறு பல இடங்களுக்கான நுழைவும் அதிலேயே உண்டு. மாணவர் அட்டை காட்டினால் குறையுமா என்று கேட்காதீர்கள், மாணவருக்குத் தனி விலை கிடையாது.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, ஜோர்டானில் கால் வைக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் விசாக் கட்டணம் கழியும். இரண்டு, குறைந்தது மூன்று இரவு நாட்டில் தங்க வேண்டும். மூன்று, இது விசா அல்ல. கட்டணத்தை மட்டும்தான் தள்ளுபடி செய்கிறது. முன்அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் பாஸ் வாங்கிவிட்டோமே என்று போய் நிற்க முடியாது. கியூஆர் குறியீட்டை ஒரு தாளில் அச்செடுத்துப் போங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் அலைபேசியில் சார்ஜ் இல்லாமல் குடியேற்ற வரிசையில் நிற்பவர்களை நானே பார்த்தேன்.

பயணக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். கல்லூரி வழியாக உங்களுக்கு இருந்த காப்பீடு படிப்பு முடிந்ததோடு முடிந்திருக்கலாம், அலுவலகக் காப்பீடு சேர்ந்த பிறகுதான் தொடங்கும். நடுவில் இருக்கும் இந்தச் சில வாரம் நீங்கள் எந்தக் காப்பீட்டிலும் இல்லை. வாங்கும்போது மலைநடைக்கும் பாறை ஏறுவதற்கும் பொருந்துமா, எத்தனை மீட்டர் உயரம்வரை என்ற விதியைப் படியுங்கள். வாதி ரம் பகுதியில் இருக்கும் உம் அத்தாமி மலை சுமார் 1,850 மீட்டர். ஜோர்டானிலேயே உயரமான மலை அதுதான், நீங்கள் ஏற ஆசைப்படப்போவதும் அதுதான்.

டிரோன் கொண்டு போகாதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

3. எந்த மாதம்

மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, அல்லது அக்டோபர், நவம்பர். கோடையில் பகல் வெயிலில் நடப்பது ஆபத்து. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும், இரவு உறைநிலையைத் தொடும். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்துக் குளிராடை இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் போனது ஏப்ரல், அப்போதே விடியற்காலை நான்கு மணிக்குக் குளிரில் விழித்துக்கொண்டோம்.

இலையுதிர் காலத்தில் போனால் வானிலையைத் தினமும் பாருங்கள். 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடல் அருகே திடீர் வெள்ளம் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளை அடித்துப்போனது, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 9 அன்று பெட்ராவிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாமல் இருக்கலாம். எங்கோ தூரத்தில் பெய்த மழை காய்ந்த ஓடை வழியாக வந்து சேரும்.

ரமலான் மாதத்தில் போவதானால் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், சுற்றுலா இடங்கள் திறந்திருக்கும் நேரமும் குறையும். வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை சிற்றுந்துகள் மிகக் குறைவு, அன்று ஊர் மாறத் திட்டமிட வேண்டாம்.

4. பணம்

தினாரின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது. ஒரு தினார் சுமார் 1.41 டாலர். தொகையைப் பார்க்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு தினாரும் கனமானது. முதல் இரண்டு நாள் அதைப் புரிந்துகொள்ளாமல் செலவழித்தோம்.

ரம் கிராமத்தில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. முகாமுக்கும் வழிகாட்டிக்கும் ரொக்கம்தான் கொடுக்க வேண்டும். பெட்ராவை ஒட்டிய வாதி மூசாவிலோ அகபாவிலோ முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் உண்டு, அதனால் தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் எடுங்கள்.

பெரிய செலவு ஜீப். அதற்கு ஆள் கணக்கு இல்லை, வண்டிக் கணக்கு. தனியாகப் போனால் கையைக் கடிக்கும், நான்கு பேர் சேர்ந்தால் பாதிக்கும் கீழே வரும். நாங்கள் மூவரும் வழிகாட்டி, ஜீப், உணவு, முகாம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 தினார் கொடுத்தோம். உங்கள் பருவத்தையும் பாதையையும் பொறுத்து இது ஏறி இறங்கும்.

சேரும் முன் வீட்டு முன்பணம், முதல் மாதச் சாப்பாடு, பயணச் செலவு என்று கையில் பணம் வேண்டும். அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதியில் பயணத்தைத் திட்டமிடுங்கள். முதல் சம்பளம் வரும் என்று நம்பிக் கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள். எனக்கு அந்தச் சம்பளம் மூன்று வாரம் தாமதமாகத்தான் வந்தது.

5. வழிகாட்டியும் முகாமும்

வாதி ரம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முதலில் பார்வையாளர் மையத்தில் பாஸைக் காட்ட வேண்டும், ரம் கிராமம் அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் உள்ளே. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தக் கிராமத்து பெதூயின் என்ற பாலைவனப் பழங்குடி மக்கள்தான்.

பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. இணையத்தில் 'வாதி ரம்' என்று போட்டிருக்கும் முகாம்கள் எல்லாம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இல்லை. நிறைய முகாம்கள் தீசே என்ற ஊர்ப் பக்கம், எல்லைக்கு வெளியே, சாலைக்கு அருகே இருக்கின்றன. அங்கிருந்து நடை தொடங்க ஜீப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் முதல் இரவு அப்படித்தான் போனது. படத்தில் பார்த்த அமைதிக்குப் பதிலாக இரவெல்லாம் வண்டி வெளிச்சம். முன்பதிவு செய்யும்போது, "முகாம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயா? எங்கே சந்திக்கிறோம், ரம் கிராமத்திலா?" என்று நேராகக் கேளுங்கள்.

நடைப் பயணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான ஜீப் சுற்றுலாவில் போட்டுவிடுவார்கள், ஒவ்வொரு பாறையிலும் பத்து நிமிடம் இறக்கிவிட்டு ஏற்றுவார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நடை, பை யார் சுமப்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும், இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

இயற்கையாக வளைந்து நிற்கும் புர்தா பாறைப் பாலம் பார்க்க ஆசை இருந்தால் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். ஏறி இறங்க மூன்று மணி நேரம் போல ஆகும். மேலே நெருங்கும்போது கையால் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான பாறை ஒன்று வரும், அங்கே கயிறு கட்டித்தான் விடுவார்கள். உயரம் பயமென்றால் உம் அத்தாமி நல்லது. ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். உச்சியில் நின்றால் தெற்கே சவூதி அரேபியாவின் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

6. பையில் என்ன

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு குறைந்தது நான்கு லிட்டர், வெயில் ஏறினால் ஐந்து. ஒரே பெரிய குடுவையில் வைக்காமல் மூன்று நான்கு பாட்டிலில் பிரித்து வையுங்கள், ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து எடுத்துப் போங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும்.

காலணி புதிதாக இருக்கக் கூடாது. நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு வாங்கிய காலணியோடு போனேன். முதல் நாள் மதியம் கழற்றியபோது காலுறையின் குதிகால் பக்கம் சிவப்பு மணல் ஒரு கைப்பிடி, கட்டியாகச் சேர்ந்திருந்தது. அதுதான் குதிகாலைத் தேய்த்திருக்கிறது. குறைந்தது ஒரு மாதம் நடந்து பழகிய காலணி வேண்டும். கணுக்காலில் மணல் நுழையாமல் மூடும் துணியுறை வாங்கிக்கொள்ளுங்கள். எரிச்சல் தொடங்கும்போதே நின்று மணலைக் கொட்டிவிட்டு ஒட்டுத்துணி போடுங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை, தலைக்கும் கழுத்துக்கும் ஒரு பெரிய துணி, நெற்றி விளக்கு, இரவுக்குக் கம்பளி. சமையல் எரிவாயு உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை. நடைக்கோலைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஜோர்டானில் இறங்கியதும் உள்ளூர் சிம் ஒன்று வாங்குங்கள். ரம் கிராமத்தில் சிக்னல் கிடைக்கும், உள்ளே போகப் போக அறுந்துவிடும். வரைபடத்தை அலைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். அவசர உதவி எண் 911.

7. நடக்கும் நாட்கள்

விடிந்ததும் கிளம்புங்கள். பதினொரு மணிக்குள் நாளின் பாதி நடை முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு மூன்று மணிவரை பாறை நிழலில் படுத்திருப்பதுதான் அங்கத்து வழக்கம். எங்கள் வழிகாட்டி மூன்று சுள்ளி பொறுக்கி, கரியேறிய ஒரு சின்னக் கெண்டியில் தேநீர் வைத்து, மரமிய்யா என்ற மூலிகையின் காய்ந்த இலையைக் கையில் கசக்கிப் போட்டார். நாங்கள் கிளம்பத் துடித்தபோதெல்லாம் "ஷ்வை ஷ்வை" என்றார், மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்த ஓய்வு இல்லாவிட்டால் இரண்டாம் நாளே படுத்திருப்போம்.

மணலில் கடினத் தரையின் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் போனால் போதும். வழிகாட்டியின் கால்தடத்திலேயே கால் வைத்தால் புதைவது குறையும்.

காய்ந்த ஓடைப் படுகையில் படுக்கை விரிக்காதீர்கள், எவ்வளவு சமமாகவும் மென்மையாகவும் இருந்தாலும் சரி. காலையில் காலணியைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடனே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து குடியுங்கள். கூட வருகிறவர் திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, தடுமாறினாலோ, வியர்ப்பது நின்றாலோ அவரை நடக்க விடாதீர்கள். ஜீப்பை அழைக்கச் சொல்லுங்கள். குப்பையையும் கழிப்பறைத் தாளையும் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள், அந்த வறண்ட மண்ணில் எதுவும் எளிதில் மக்காது.

8. போக்குவரத்தும் வரிசையும்

அம்மானில் இறங்கி, ஜெட் (JETT) என்ற நிறுவனத்தின் அதிகாலைப் பேருந்தில் பெட்ரா, அங்கிருந்து வாதி ரம், கடைசியில் அகபா. இந்த வரிசை வசதி. பெட்ராவில் இரண்டு நாள் நடந்தால் கால் பழகிவிடும். அகபாவில் கடலில் ஒரு நாள் கிடந்தால் உடம்பு தேறும், அங்கே இணையமும் நன்றாகக் கிடைக்கும்.

வாதி மூசாவிலிருந்து ரம் போகும் சிற்றுந்து விடியற்காலையில் ஒன்றுதான். முந்தைய மாலையே தங்கும் விடுதியில் சொல்லி இடம் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் பெரும்பாலும் டாக்சிதான், அதன் செலவு பல மடங்கு.

பெட்ராவுக்கு அருகே இருக்கும் குட்டிப் பெட்ராவிலிருந்து, பெட்ராவுக்குள் இருக்கும் மடாலயம் என்ற பாறைக் கட்டடத்துக்குப் பின்வழியாக நடக்கும் பாதை ரொம்ப அழகு. ஆனால் அந்தப் பக்கம் டிக்கெட் கிடைக்காது. முதலில் வாதி மூசா பார்வையாளர் மையத்துக்குப் போய் பாஸைக் காட்டி டிக்கெட் வாங்கி, அப்போதைய விதி என்ன என்றும் கேட்டுவிட்டுப் போங்கள்.

9. திரும்பி வந்ததும்

பாலைவனத்திலிருந்து சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த முதல் மணி நேரத்தில் குளிக்கும் முன் மின்னஞ்சலைப் பாருங்கள், தேவையற்ற அஞ்சல் பெட்டியையும் சேர்த்து. எனக்கு வந்த கடிதம் அங்கேதான் கிடந்தது. கெடு நெருங்கிய எதுவும் இருந்தால் அன்றே பதில் எழுதுங்கள், ஆவணம் இல்லாவிட்டாலும் எந்தத் தேதிக்குள் தருவேன் என்றாவது எழுதுங்கள்.

வீடு வந்ததும் மனிதவளப் பிரிவுக்கு, "வந்துவிட்டேன், இனி இந்த எண்ணில் கிடைப்பேன்" என்று இரண்டு வரி. கடவுச்சீட்டின் முத்திரை விழுந்த பக்கங்களையும் ஸ்கேன் செய்து வையுங்கள், சில நிறுவனங்கள் சமீபத்திய வெளிநாட்டுப் பயண விவரம் கேட்கும். அப்புறம் காலணியை வெயிலில் வைத்துத் தட்டுங்கள். எனக்கு மூன்றாவது வாரம்வரை மணல் வந்துகொண்டிருந்தது.